ஐந்தாவது பதிவு

2006இல், மெல்லிசைக் குழுக்களில் பேர் வாங்கிய நால்வர், கிடாரும் கம்ப்யூட்டர் சத்தமும் கலந்த புது இசைக்காகக் கூடலூரில் சேர்ந்தார்கள். ஒருவரை ஒருவர் பிடிக்காது. அதனால் ஜீப் ஸ்டாண்டுக்கு மேலிருந்த அறையில் ஒவ்வொருவராகத் தனியே வந்து பதிந்துவிட்டுப் போனார்கள். கிடார் கர்ணன், பதினெட்டு வருடம் வாசித்த குழுவோடு சண்டை போட்டுவிட்டு வந்தவன். திரும்பிப் போக வழியில்லை.

நான்கு பதிவுகள் இருக்க வேண்டும். ஐந்து இருந்தன. ஐந்தாவதிலும் கிடார்தான், கர்ணன் வாசித்த அதே பாட்டு. கர்ணன் பிசகிய இடங்களில் அது பிசகவில்லை.

"ஏலே, என் இடத்துல வாசிச்சது எவன்?"

கீபோர்டு பாண்டீஸ்வரன் சிரித்தான். "சாவி எங்கிட்டதாண்ணே இருக்கு. இங்கன ஒருத்தரும் வரல."

அதை அழித்தார்கள். மறுநாள் மறுபடி இருந்தது. இன்னும் நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் நால்வரும் முதல்முறையாகச் சேர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

"இனி நீங்க வேணாம்ணே," என்றாள் பாடகி ஹேமாவதி.

கர்ணன் எழுந்திருக்கவில்லை.

கீழ்க்கடையிலிருந்து டீ வந்தது. நான்கு டம்ளர், விளிம்புவரை நிறைந்து. மூவரும் எடுத்துக்கொண்டார்கள். கர்ணன் மீதியிருந்ததற்குக் கை நீட்டினான்.

பாண்டீஸ்வரன் கையைத் தட்டிவிட்டான். "அது ஒங்களுக்கு இல்ல."

கர்ணன் குனிந்து பார்த்தான். யாரும் தொடாத அந்த டம்ளரில் இப்போது பாதி டீதான் இருந்தது.