தேன் கடையின் வெப்சைட்

காட்டு ஓரத்தில் ஒரு கரடி தேன் கடை வைத்திருந்தது. சுத்தமான மலைத்தேன். ஆனால் ஆற்றங்கரையில் ஒரு நரி வெல்லப்பாகைத் தேன் என்று விற்கத் தொடங்கியதும், கரடி கடைக்கு ஆள் வருவது நின்றுபோனது. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

கடைக்குப் பின்னால் இருந்த நாவல் மரத்தில் ஒரு மயில் குடியிருந்தது. வெப்சைட் செய்து கொடுப்பதுதான் அதன் தொழில். கரடி அதைக் கூப்பிட்டு, "என்ன தேன் இருக்கு, கடைக்கு எப்படி வரணும், இது ரெண்டும் தெரிஞ்சாப் போதும் தம்பி" என்றது.

"வழி போடுறதெல்லாம் பழைய பாணி அண்ணே. பார்த்தவன் அசந்து நிக்கணும். என்கிட்ட விடுங்க" என்றது மயில்.

வெப்சைட் வந்தது. திறந்ததும் நீலத் தோகை விரிந்தது, மழை பெய்தது, தோகை மறுபடியும் விரிந்தது. தேன் ஒரு மூலையில் சொட்டியது. அடியில் 'ஆக்கம்: மயில்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. காடே பார்த்துப் பாராட்டியது. கடைக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை.

இருபதாம் நாள் ஒரு குரங்கு மூச்சு வாங்க வந்து நின்றது.

"உங்க கடையைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆச்சு அண்ணே!"

கரடிக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய பாட்டிலாக ஒன்றை எடுத்துத் துடைத்தது. "எத்தனை வேணும்?"

"தேன் வேண்டாம். உங்க வெப்சைட்டைச் செஞ்ச மயிலைப் பார்க்கணும். என் பழக்கடைக்கும் ஒண்ணு வேணும். அது வீட்டுக்கு எப்படிப் போகணும்?"

பின்னால் நாவல் மரத்தில் தோகை சரசரத்தது. கரடி பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்தது.

"வழி சொல்றதெல்லாம் பழைய பாணி, தம்பி" என்றது.