ஜன்னலில் அரசன்

கிறிஸ்துமஸ் அன்று குட்டி ராஜா அரண்மனை ஜன்னலில் முகம் காட்டியாக வேண்டும். இல்லையென்றால், மகனுக்காக நாடாளும் ராணி மார்கிட்டின் ஆட்சி கொழுந்தன் ஹோல்கர் கைக்குப் போய்விடும்.

செவிலி தோரா குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். "பனி கொட்டுது மகாராணி. குழந்தைக்கு ஆகாது."

"ஒரே நிமிஷம்டி. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்" என்று ராணி அவள் காதில் கிசுகிசுத்தாள்.

பிறகு குழந்தையைப் பிடுங்கி ஜன்னலில் காட்டினாள். கீழே கூட்டம் ஆர்ப்பரித்தது. மிரண்ட குழந்தை தோராவிடம் கை நீட்டி, "அம்மா!" என்று வீறிட்டது.

ஜன்னலருகே காத்திருந்த ஹோல்கரின் புருவம் உயர்ந்தது. "என்ன அண்ணி, ஒரு வருஷத்துல ராஜா அம்மாவையே மாத்திட்டாரா?"

"பால் குடுத்தவளாச்சே" என்றாள் ராணி.

அவன் வேண்டாவெறுப்பாக மண்டியிட்டுக் குழந்தையின் கையை முத்தமிட்டான். போகிற போக்கில் தோராவிடம், "நேத்து உன் புள்ளைய அடக்கம் பண்ணாங்களாமே. மனசத் தேத்திக்க" என்றான்.

அவன் வெளியேறிக் கதவைச் சாத்தியதும் தோரா ஓடிவந்து கையேந்தினாள். "ஒரே ஒரு தடவைன்னுதானே சொன்னீங்க? என் புள்ளையக் குடுத்துடுங்க!"

ராணி குழந்தையை விடவில்லை.

"அந்தக் குழியில கிடக்கறது என் புள்ளைடி. உன் புள்ளைன்னு சொல்லி ஊரு பார்க்கப் பொதைச்சாச்சு, நான் அழக்கூட இல்ல. இனிமே எந்தப் புள்ளைய உனக்குக் குடுப்பேன்?"