நகல் நின்றிருந்த நேரம்

அன்று மழை பெய்ததா என்பது எஸ்தருக்கு இப்போது சரியாக நினைவில்லை, பெய்ததாகவே வைத்துக்கொள்கிறாள். வானொலிப் பதிவுகளின் சேமிப்பகம் அவள் ஊரில், அதன் நகல், அதைப் பார்த்துக்கொள்ளும் கதிரேசன் ஊரில். நகலெடுப்பு ஓடும்வரை, இங்கே அழிந்தால் அங்கேயும் அழியும். பழுதுபார்க்க அவள் நகலெடுப்பை நிறுத்தியிருந்தபோது, பணியில் இல்லாதவர்களின் பதிவுகளை அலுவலகம் நீக்கிவிட்டது. இறந்துபோன அறிவிப்பாளர் மரகதத்தின் குரலும் இங்கே போனது. அவள் கதிரேசனின் மனைவி. அவன் தொலைபேசியில் அழைத்தான்.

“அக்கா, திரும்ப ஓட விட்டுராதீங்க. இங்க அவ இன்னும் இருக்கா.”

“விடலடா. தனியா எடுத்து வச்சுக்கோ.”

“எடுக்கத்தான் வந்தேன். கேக்க உக்காந்துட்டேன்.”

“கேளு. பாப்பாவையும் கூட்டிட்டு வந்து கேக்க வை.”

மேலதிகாரி கேட்கும்போதெல்லாம், “இன்னும் சரியாகலை சார்” என்றாள். எடுத்தாயிற்று என்று கதிரேசன் சொன்ன பிறகே ஓடவிட்டாள். இரண்டு பக்கமும் ஒன்றாயின. மரகதம் இரண்டிலும் இல்லை.

எஸ்தர் ஓய்வு பெற்றாள். கதிரேசன் மறுமணம் செய்துகொண்டான். இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போயின. குரல் மகளின் கைப்பேசியில் இருக்கிறது.