கடைசி அடியில் ஒரு பெயர்

"இன்னைக்காவது புதுப் பாட்டு உண்டாப்பா?" என்றார் ஜாலான் புசார் தெருக் காப்பிக்கடை முதலாளி வீராச்சாமி. "பழசையே பாடினா ஆள் வராது. ஆள் வரலைன்னா உனக்குச் சாப்பாடு போட எனக்குக் கட்டுபடியாகாது."

ஜப்பான்காரன் ஆட்சியில் அந்தக் கடையின் மரவள்ளிக்கிழங்குதான் பாடகன் செல்லக்கண்ணுவுக்கு ஒரே சாப்பாடு. மனைவி சந்திரமதி காய்ச்சலில் இறந்த பிறகு அவன் புதிதாக எதுவும் பாடவில்லை.

"துக்கம்தான், இல்லேங்கல. அதையே பாட்டாக் கட்டேன்," என்றார் வீராச்சாமி.

அன்று மாலை செல்லக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டு பாடினான். ஆளில்லாத வீடு, பற்றவைக்காத அடுப்பு என்று போனது பாட்டு. இரண்டாம் அடியிலேயே சந்தம் இடறியது. முடித்தபோது பாதிப் பேர் எழுந்து போயிருந்தார்கள்.

"இது உன் பாட்டு மாதிரியே இல்லையே," என்றார் வீராச்சாமி. "எப்பவும் கடைசி அடியில ஆசையாப் பொண்டாட்டி பேரை வைப்பே. பொண்டாட்டிதாசன்னு நாங்க கேலி பண்ணுவோம். இன்னைக்கு உன் பேரை வச்சிருக்கே?"

"பாட்டுக் கட்டினவங்க பேரைத்தானே முதலாளி கடைசி அடியில வைப்பாங்க," என்றான் செல்லக்கண்ணு. "நான் கட்டினது இது ஒண்ணுதான்."