பத்தியம் முடிந்த நாள்

புருஷன் கிறிஸ்துதாசுக்கு ஈரல் கெட்டதிலிருந்து மூன்று வருடமாக லீமாறோஸ் வீட்டில் உப்பில்லாத கஞ்சிதான். பன்றி இறைச்சி கேட்டு அவர் கெஞ்சியிருக்கிறார், தட்டை வீசியும் இருக்கிறார். அவள் மசியவில்லை. நேற்று பெரியாஸ்பத்திரியில் டாக்டர் அவளை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "இனி அவரு ஆசப்பட்டதைக் குடுங்கம்மா" என்றார். புருஷனிடம் அதைச் சொல்லாமல் அவள் அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

காலையில் ஊறிய மொச்சையைக் கொழுப்பும் சதையுமான பன்றித் துண்டுகளோடு சட்டியில் போட்டு, நல்லமிளகும் தேங்காயும் வறுத்தரைத்து ஊற்றினாள். கொதி வாசனையில் கட்டிலில் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"எட்டி, டாக்டரு தின்னலாமுன்னாரா?"

"தின்னலாமுன்னாரு."

"உப்பு?"

"அதுவும் போட்டிருக்கேன்."

அவர் முகமெல்லாம் சிரிப்பானது. தட்டை வாங்கி முதல் துண்டை ஆசையாக மென்றவர், பாதியில் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து வாயிலிருந்ததை விழுங்கினார்.

"நல்லா வெந்திருக்கு" என்றார். "நீயும் ஒரு தட்டு எடுத்துட்டு வா. எம் பக்கத்துல இருந்து தின்னு."