உயர்வு நவிற்சிக்கு ரெண்டு புள்ளி

"ரெண்டு புள்ளியை ஏன் வெட்டினனீங்கள் ரீச்சர்? முதல் அதைச் சொல்லுங்கோ."

பள்ளிக்கூட இடைவேளை. ஆசிரியர் அறையில் ஏழெட்டுப் பேர் தேத்தண்ணியும் வடையுமாக இருந்தார்கள். கேட்கட்டும், எல்லாரும் வடிவாய்க் கேட்கட்டும் என்றுதானே மகாதேவி இந்த நேரம் பார்த்து வந்தாள்.

தமிழ் படிப்பிக்கிற ஜெயகௌரி ரீச்சர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"இருங்கோ அம்மா."

"நான் இருக்க வரேல்லை."

இருந்து கதைக்கிற விசயமா இது? மகள் தாரிகாவுக்குத் தமிழில் தொண்ணூற்றாறு. பக்கத்து வீட்டு உதயகலாவின் மகள் றொசாந்திக்குத் தொண்ணூற்றேழு. பரிசளிப்பு விழாவில் தமிழ்ப் பரிசு முதல் பிள்ளைக்கு மட்டும்தான். உதயகலா பட்டுச்சேலையோடு முன்னுக்குப் போய் நின்று படம் எடுப்பாள். இவள் பின்வரிசையில் இருந்து கை தட்ட வேணும். 

மகளைக் கேட்டால் வாய் திறக்கிறாள் இல்லை. "ஒப்படையிலை உயர்வு நவிற்சிக்கு ரெண்டு புள்ளி போச்சுது. விடுங்கோ அம்மா" என்றதோடு சரி. விடுகிற ஆளா இவள்? சுன்னாகத்துக்குப் போய் வழிகாட்டிப் புத்தகம் வாங்கி, அடுப்பில் கறி அடிப்பிடிக்க அடிப்பிடிக்க, எதுகை, மோனை, உவமை, உருவகம் என்று மூன்று நாள் பாடமாக்கிக்கொண்டல்லவா வந்திருக்கிறாள்!

"உயர்வு நவிற்சி எண்டால் என்ன ரீச்சர்? உள்ளதை விடக் கூட்டிச் சொல்லுறது. சரியோ?"

"சரி அம்மா."

"வீட்டிலை இருக்கிற ஏதாவது பாட்டை எடுத்து, அணியளைக் கண்டுபிடிச்சு விளக்கம் எழுதச் சொன்னது நீங்கள். சரியோ?"

"ஓம்."

"என்ரை பிள்ளை எடுத்தது எங்கடை மாமா, அவளின்ரை அப்பப்பா, செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடிச்சுக் குடுத்த நினைவு மலரிலை இருந்த பாட்டு. நானே பக்கத்திலை இருந்து, இப்பிடிப் போடுங்கோ, அப்பிடிப் போடுங்கோ எண்டு புலவர் ஐயாவைக் கொண்டு எழுதுவிச்ச பாட்டு! 'வானத்தை முட்டிய வள்ளல்' எண்டு அதிலை வருது. மனிசன் வானத்தை முட்டுவானோ? உது உயர்வு நவிற்சி இல்லாட்டி வேறை என்ன?"

மூலையில் இருந்த இராசமலர் ரீச்சர் வடையைக் கீழே வைத்தார். "அது உயர்வு நவிற்சிதானே ஜெயகௌரி?"

மகாதேவிக்கு ஆனை பலம் வந்துவிட்டது. "கேட்டியளே? எங்கை, பிள்ளை எழுதின பேப்பரை எடுங்கோ பாப்பம்."

"வேண்டாம் அம்மா. பிறகு உங்களோடை தனியக் கதைக்கிறன்."

"தனிய என்ன கதை? பிழை விட்ட ஆக்களுக்குத்தான் தனி இடம் வேணும். இப்ப எடுக்காட்டி அதிபரிட்டைப் போவன். அங்கையும் சரிவராட்டிக் கல்விக் கந்தோர் இருக்கு."

ஜெயகௌரி ரீச்சர் மேசை லாச்சியை இழுத்தார். மற்றப் பிள்ளைகளின் ஒப்படைகள் மேசைமேல் அடுக்கிக் கிடந்தன. தாரிகாவினுடையது மட்டும் லாச்சியின் அடியில் இருந்து வந்தது.

"பாருங்கோ, பாருங்கோ! ஒளிச்சு வைச்சிருக்கிறா!"

பறிக்காத குறையாக வாங்கி, அறை முழுக்கக் கேட்கும்படி வாசிக்கத் தொடங்கினாள்.

"ஐந்து. உயர்வு நவிற்சிக்கு உதாரணம். 'கண்ணின் மணியெனக் கனகலிங்கத்தாரைப் பெண்ணினும் மேலாய்ப் பேணிய மருமகள்.' விளக்கம். அப்பப்பா கடைசி இரண்டு வருடமும்..."

மிச்சத்தைக் கண் மட்டும் வாசித்தது.

'அப்பப்பா கடைசி இரண்டு வருடமும் முதியோர் இல்லத்தில் இருந்தார். அம்மா ஒரே ஒரு தடவைதான் போனார். அதுவும் கனடா மாமிக்கு அனுப்பப் படம் எடுக்க. ஆகவே இது உள்ளதை மிகைப்படுத்திக் கூறுகிறது.'

அதற்குக் கீழே சிவப்பு மையில் ரீச்சரின் எழுத்து: 'பிழை. இந்த வரி உண்மையைத்தான் சொல்கிறது.'

மகாதேவிக்குப் பெத்த பிள்ளையே இப்படி எழுதிவிட்டாளே என்று கோபம். எழுதினதில் ஒரு எழுத்தும் பொய்யில்லையே என்று அதைவிடப் பெரிய வெட்கம்.

ஜெயகௌரி ரீச்சர் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். "பிள்ளையள் ஒப்படையை ஆளுக்காள் மாத்தி வாசிக்கிறவை அம்மா. அதுதான் உங்கடை பேர் கெடக் கூடாதெண்டு பிழை எண்டு போட்டு, உள்ளுக்கை வைச்சனான்."

மகாதேவி எழுத்து வெளியில் தெரியாதபடி தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ஆனால் பிள்ளைக்கு நான் செய்தது அநியாயம்தான்." ரீச்சர் சிவப்புப் பேனையைத் திறந்தார். "பரிசுப் பட்டியலை இண்டைக்குப் பின்னேரந்தான் அதிபரிட்டைக் குடுக்கிறன். பிள்ளை எழுதினது சரி எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. இப்பவே ரெண்டு புள்ளியையும் போட்டு விடுறன். பரிசு தாரிகாவுக்குத்தான்."

"என்ன மகாதேவி, வாசிச்சு முடிச்சாச்சோ?" இராசமலர் ரீச்சர் அங்கிருந்து குரல் கொடுத்தார். "பிள்ளை எழுதினது சரிதானே?"

எல்லா முகமும் இவளைத்தான் பார்த்தன.

மகாதேவி அந்தத் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"ரீச்சர் போட்டதுதான் சரி," என்றாள், எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக. "உவளுக்கு உயர்வு நவிற்சி எண்டால் என்னெண்டே இன்னும் விளங்கேல்லை. அடிச்செண்டாலும் படிப்பியுங்கோ ரீச்சர்."