மெக்சிகோ போய் வந்தவர்கள்

இது விஜயா அக்கா வேலைக்குப் போகும் ரயிலில் எனக்குச் சொன்னது. நடந்தபோது நான் அங்கே இல்லை. இதில் வரும் யோகா அன்ரி மேல் உள்ள கோபமும் அக்காவுடையதுதான். நான் எதையும் கூட்டவில்லை.

2009 பிப்ரவரியில் அக்காவின் கணவர் மகாதேவனுக்கு வேலை போயிற்று. ஐ.டி. கம்பெனி. சிட்னியில் தெரிந்தவர்கள் யாரிடமும் இருவரும் மூச்சு விடவில்லை.

ஈஸ்டர் லீவுக்கு நண்பர்கள் எல்லாரும் சேர்ந்து கோல்ட் கோஸ்ட் போவதாகத் திட்டம். "நீங்களும் வர்றீங்கதானே?" என்று கேட்டபோது, கையில் காசில்லை என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை.

"நாங்க மெக்சிகோ புக் பண்ணிட்டோமே!"

முந்தின நாள்தான் இன்டர்நெட்டில் அங்கே ஒரு சின்னக் கடற்கரை ஊரின் படத்தைப் பார்த்திருந்தாராம்.

அப்புறம் என்ன, இரண்டு வாரம் லிட்கம் பகுதியில் உள்ள தங்கள் வீட்டில் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு இருந்தார்கள். அந்த ஊரில் என்னென்ன செய்யலாம் என்று போட்டிருந்த பக்கத்தை, மகாதேவன் பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தார்.

மே முதல் ஞாயிறு. ஹோம்புஷ்ஷில் நண்பர் ஈஸ்வரமூர்த்தியின் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று போனார்கள்.

"என்னப்பா, வெயில்ல கறுத்துட்டு வருவேன்னு பார்த்தா, வெளுத்துப்போய் வந்திருக்கே!" என்றார் ஈஸ்வரமூர்த்தி. மேசையே சிரித்தது. "சரி, அங்கே என்னதான் செஞ்சீங்க?"

மகாதேவன் ஒப்பித்தார். படகில் போய்த் திமிங்கலம் பார்த்தது. ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விட்டது. மணலில் குதிரை சவாரி. சர்ஃபிங் வகுப்பு. சாயங்காலம் சந்தையில் சோள ரொட்டிக்குள் மீன் வைத்துச் சாப்பிட்டது.

"மீனா? நீங்க சைவமாச்சே!" என்றாள் ஒரு பெண்.

"இல்ல, மத்தவங்க... மத்தவங்க சாப்பிட்டதைச் சொன்னேன்."

எதிரே இருந்த சிவமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்திருந்தவர். "அட, நான் மெக்சிகோவுல ஒரு வருஷம் வேலை பார்த்தேங்க! ஒரே ட்ரிப்ல திமிங்கலமும் பார்த்து ஆமைக்குஞ்சும் விட்டீங்களா? அதுக்கு வேற மாசம், இதுக்கு வேற மாசம்னு சொல்வாங்களே. எந்த ஹோட்டல்?"

"பேர் மறந்துபோச்சு."

"ரெண்டு வாரம் தங்கின ஹோட்டலா?"

அவர் வேண்டுமென்று கேட்கவில்லை. தெரிந்த ஊர் என்ற சந்தோஷம். ஆனால் மேசையில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"போட்டோ இருந்தா காட்டுங்க. பார்த்ததும் நானே சொல்லிடறேன்."

மகாதேவன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். இந்தப் பொய் உடைந்தால் வேலை போனதும் வெளியே வரும். மூன்று மாதமாகச் சரியாகத் தூங்காத மனிதர். இத்தனை பேர் முன்னால் தலைகுனிந்தால் அதற்குமேல் தாங்குவாரா என்று அக்கா பயந்தார்.

"கேமரா வந்து..." என்று மகாதேவன் ஆரம்பித்தார்.

"மெக்சிகோவோ?"

பின்னாலிருந்து யோகா அன்ரியின் இலங்கைத் தமிழ்க் குரல். கோயிலில் பார்த்தால் தலையசைக்கும் அளவுக்குத்தான் அக்காவுக்குப் பழக்கம்.

"பன்றிக்காய்ச்சல் எண்டு ரீவியில நாள் முழுக்கக் காட்டுறான். நீங்கள் அங்கயிருந்து வந்து, சின்னப் பிள்ளையள் இருக்கிற இடத்தில குந்திக்கொண்டு கதை அளக்கிறியள்? அறிவில்லையோ?"

ஹாலே திரும்பிப் பார்த்தது. சிவமணி நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

"அவங்களுக்குக் காய்ச்சல் ஒண்ணும் இல்லையே..." என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"நீர் சும்மா இரும்! உம்மட பிள்ளைக்கு வந்தால் ஆர் பாக்கிறது? எழும்புங்கோ ரெண்டு பேரும். எழும்புங்கோ எண்டுறன்!"

"சாப்பாடு போட்டாச்சு, அன்ரி. சாப்பிட்டுட்டாவது..." என்று இழுத்தார் ஈஸ்வரமூர்த்தி.

"ஒரு வாயும் வேண்டாம். ஒருத்தரும் இவையோட நிண்டு கதைக்காதேங்கோ. கொஞ்ச நாளைக்கு இவையின்ர வீட்டுப் பக்கமும் போகாதேங்கோ."

வாசல் வரை பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாராம்.

"தட்டு முன்னால உட்கார்ந்தவங்களை எழுப்பி, நாயைத் துரத்துற மாதிரி துரத்தினா. நல்லா இருப்பாளா அவ?" என்றார் அக்கா. ஜூலையில் மகாதேவனுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. கோபம் மட்டும் போகவில்லை. யோகா அன்ரி வரும் இடத்துக்கு அக்கா வருவதேயில்லை.

கேட்ட எனக்கும் கோபமாகத்தான் இருந்தது.

அக்டோபரில் ஒருநாள் ஹெலன்ஸ்பர்க் கோயிலிலிருந்து திரும்பும்போது, யோகா அன்ரியை என் காரில் ஏற்றிவர வேண்டியதாயிற்று. அவரும் லிட்கம்தானாம்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம், தம்பி."

குசினியில் நின்றேன். ஜன்னலுக்கு வெளியே குறுகலான ஒரு சந்து. அதற்கு அப்பால் இன்னொரு கட்டடத்தின் பின்பக்கப் பால்கனி. கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தவர் விஜயா அக்கா. எங்களைப் பார்க்கவில்லை.

அவர் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. அன்ரியின் அடுப்பில் அடித்தது போல அத்தனை கிட்டக் கேட்டது. அக்கா உள்ளே ஓடினார்.

அன்ரி ஜன்னலுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று தேநீர் ஆற்றினார்.

ஈஸ்டர் லீவின்போது அன்ரி இந்த வீட்டில் இருந்தாரா என்பதை மட்டும் நான் உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது.

"இந்த வீட்டுக்கு எப்ப வந்தனீங்கள், அன்ரி?"

"இந்த வருசம்தான், தம்பி. தைப்பொங்கலுக்கு முதல் கிழமை."